குதிரைக்கு ஏன் பூனைக்கண்?

2022ஆம் வருடம் பஞ்சாப் சங்ரூர் மாவட்டத்தில் நடந்த ஒரு சம்பவம் பேப்பரில் வந்தது. பலர் படித்துச் சிரித்திருப்பீர்கள். ஒருவர் கறுப்பு மார்வாரிக் குதிரை என்று நம்பி 22 லட்சத்துக்கும் மேல் கொடுத்து ஒரு குதிரை வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினார். கறுப்பு தண்ணீரோடு போய்விட்டது! உள்ளே சாதாரண பழுப்புக் குதிரை. போலீஸ் புகார், வழக்கு என்று விஷயம் பெரிதானது.

நானும் சிரித்தேன். அப்புறம் வங்கிக்காரன் புத்தி வேலை செய்தது. குதிரை அதே குதிரைதான். அதே கால், அதே பல், அதே ஓட்டம். நிறம் மட்டும்தான் போனது. அப்படியென்றால் அந்த 22 லட்சத்தில் குதிரைக்கு எவ்வளவு, நிறத்துக்கு எவ்வளவு?

எனக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். படித்தது பி.காம். ஊரில் நான் பார்த்த குதிரை, அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற மண்குதிரைதான். அதுவும் வருஷத்துக்கொரு நிறத்தில் பெயிண்ட் அடிப்பார்கள். வேலை மாற்றலில் ஜோத்பூர் வந்த பிறகுதான் நிஜக் குதிரையைக் கிட்டத்தில் பார்க்கிறேன். இங்கே கல்யாண சீசனில் மாப்பிள்ளை பெட்டைக்குதிரை மேல்தான் வருவார். சென்ற சீசனில் எங்கள் தெருவில் ஒரு ஊர்வலம். பேண்டு, விளக்கு, ஆட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் குதிரை மட்டும் அமைதியாக நின்றது. முகம் முழுக்க வெள்ளை. ஒரு கண் கறுப்பு, இன்னொரு கண் கண்ணாடிக் கோலி மாதிரி வெளிர் நீலம்.

பத்து வயது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அந்தக் கண்ணு அதுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. குதிரைக்காரரிடம் கேட்டேன். "நல்லாத் தெரியும் சாப். ஆனா அந்தக் கண்ணைப் பார்த்தாலே ஆளுங்க விலையைக் குறைக்கிறாங்க. அபசகுனமாம். அதனாலதான் எனக்குக் கிடைச்சுது" என்றார்.

ஒருத்தருக்கு நிறத்தால் 22 லட்சம் போயிற்று. இன்னொருத்தருக்குக் கண்ணின் நிறத்தால் குதிரை மலிவாகக் கிடைத்தது. இந்தக் கணக்கு எப்போது ஆரம்பித்தது என்று தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

குகைச் சுவரில் புள்ளிக்குதிரை

பிரான்சின் தெற்கே பெஷ் மெர்ல் என்று ஒரு குகை. அங்கே சுமார் 25,000 வருடம் பழைய ஓவியம் ஒன்று இருக்கிறது. இரண்டு வெள்ளைக் குதிரைகள். உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், சிறுத்தை மாதிரி. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பார்த்து நெடுங்காலம் விவாதித்தார்கள். ஆதி மனிதன் கண்ணால் பார்த்ததை வரைந்தானா, மந்திர தந்திரக் குறியாகப் புள்ளி வைத்தானா? காட்டுக்குதிரை என்றால் மங்கின பழுப்போ கறுப்போ இருக்கும், புள்ளி எப்படி வரும் என்பது ஒரு கட்சி.

2011இல் இந்த வழக்கு முடிந்தது. மனிதன் குதிரையை வளர்க்கத் தொடங்குவதற்கு முந்தைய 31 குதிரைகளின் எலும்பிலும் பல்லிலும் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். 18 குதிரைகள் கறுப்புப் பிடரி உள்ள பழுப்பு. 7 கறுப்பு. மீதி 6 குதிரைகளில் சிறுத்தைப் புள்ளிக்கான மரபணு இருந்தது! ஆக, அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் புள்ளிக்குதிரை நிஜமாகவே மேய்ந்துகொண்டிருந்தது. ஓவியன் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறான்.

அடுத்த கட்டம் வளர்ப்பு. இன்று உலகம் முழுக்க உள்ள வளர்ப்புக் குதிரைகளின் மூதாதை, வோல்கா, டான் நதிகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியில், இன்றைய ரஷ்யாவில், சுமார் 4,200 வருடங்களுக்கு முன் பெருகிப் பரவியது என்று 2021இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு சொல்கிறது. அதற்கு முன்பே, சுமார் 5,500 வருடங்களுக்கு முன், கசகஸ்தானில் போதாய் என்ற இடத்து மக்கள் குதிரைகளோடு வாழ்ந்தார்கள். அவர்களுடைய குதிரைகளிலும் புள்ளி மரபணு இருந்தது.

மனிதன் கைக்கு வந்ததும் குதிரையின் நிறங்கள் சட்டென்று பெருகின. 2009இல் வந்த ஒரு ஆய்வு இதைப் பழைய எலும்புகளை வைத்தே காட்டியது. காட்டில் இரண்டு மூன்று நிறம்தான். வளர்ப்புக்கு வந்த பிறகு செம்பழுப்பு, வெள்ளைத் திட்டு, வெளிர் நிறம் என்று வரிசையாக வருகின்றன. காட்டில் வெள்ளைத் திட்டோடு ஒரு குட்டி பிறந்தால் ஓநாய் கண்ணில் முதலில் படும். மனிதனின் பட்டியில் பிறந்தால்? "அட, இது நம்ம குதிரை, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்" என்று வைத்துக்கொள்வான். விதிவிலக்கை ரசித்து வளர்ப்பது மனிதன் மட்டும்தான்.

ஆனால் ரசனை நிலையாக இல்லை. ஐரோப்பாவில் ஆதியில் புள்ளிக்கும் திட்டுக்கும் இருந்த மவுசு மத்திய காலத்தில் குறைந்து, ஒரே நிறக் குதிரைகள், முக்கியமாகச் செம்பழுப்பு, கூடின என்று 2016இல் இன்னொரு ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் கல்யாணப் பட்டுக்கு வருஷத்துக்கொரு கலர் வருகிற மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால் பட்டுக்கு உயிர் இல்லை.

நம் ஊர்க் கணக்கு

நம் பக்கமும் குறைந்தவர்கள் இல்லை. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர். காரி என்றால் கறுப்பு. சேரன் குதிரை பாடலம், சோழன் குதிரை கோரம், பாண்டியன் குதிரை கனவட்டம் என்று பெயர்ப் பட்டியலே இருக்கிறது. அசுவ சாஸ்திரம் என்ற பெயரில் குதிரை லட்சணம் சொல்லும் நூல்கள் வடமொழியில் உண்டு. நகுலன் பெயரில் உள்ள ஒன்றைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. நிறம், சுழி, வெள்ளைக் குறி என்று ஒவ்வொன்றுக்கும் நல்லது கெட்டது. நாம் மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரிதான்.

அதில் எல்லோருக்கும் தெரிந்தது பஞ்சகல்யாணி. நான்கு காலும் வெள்ளை, முகத்திலும் வெள்ளை. ஐந்து இடத்தில் மங்களம். ராஜஸ்தானிலும் இதே நம்பிக்கைதான். நெற்றியில் வெள்ளைப் பட்டையும் நான்கு காலில் வெள்ளையும் இருந்தால் அதிர்ஷ்டம். முழுக் கறுப்புக்கு இங்கே பழைய காலத்தில் மரணத்தோடு சம்பந்தம் சொல்வார்கள். (இன்றைக்கு அதே கறுப்புக்காகத்தான் ஒருவர் 22 லட்சம் கொடுத்து ஏமாந்தார்!)

இங்கிலாந்தில் தலைகீழ். ஒரு கால் வெள்ளை என்றால் வாங்கு, நாலு காலும் வெள்ளை என்றால் தொடாதே என்கிற அர்த்தத்தில் அவர்களிடம் பழைய சொலவடை உண்டு. வெள்ளைக் காலில் குளம்பு மெலிசு என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரே குதிரை, நம்மிடம் பஞ்சகல்யாணி, அவர்களிடம் தள்ளுபடி சரக்கு.

முகலாயர் காலத்தில் கறுப்பு வெள்ளைத் திட்டுக் குதிரைக்கு 'அப்லக்' என்று பெயர். முகலாய ஓவியங்களில் குதிரையின் காலையும் வாலையும் மருதாணி போட்டுச் சிவப்பாக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஆக, குதிரைக்குச் சாயம் போடுவது பஞ்சாபில் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1621இல் ஜஹாங்கீர் சபைக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. அங்கே யாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கோடு போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகம். நன்றாகச் சோதித்த பிறகே இயற்கைதான் என்று ஒப்புக்கொண்டதாக ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மன்சூர் என்ற ஓவியர் அதை வரைந்தும் வைத்தார். சங்ரூர்க்காரரும் வாங்குவதற்கு முன்னாலேயே அந்தச் சோதனையைச் செய்திருக்கலாம்.

ஜாயின்ட் அக்கவுண்ட்

இனிமேல் கொஞ்சம் மரபணு. பயப்பட வேண்டாம். பேங்க்கில் ஜாயின்ட் அக்கவுண்ட் வைத்திருந்தால் புரிந்துவிடும்.

ஒவ்வொரு மரபணுவும் குட்டிக்கு இரண்டு பிரதி வருகிறது. அப்பா ஒன்று, அம்மா ஒன்று. இதை ஜாயின்ட் அக்கவுண்ட் என்று வையுங்கள். சில கணக்கு 'எய்தர் ஆர் சர்வைவர்'. ஒருவர் கையெழுத்து போதும், பணம் வரும். சில கணக்கு 'ஜாயின்ட்லி'. இருவரும் போட்டால்தான் செல்லும்.

குதிரையின் மயிரில் இருப்பது இரண்டே சாயம்: கறுப்பு, செம்பழுப்பு. எம்சி1ஆர் என்ற மரபணுவின் மாற்றம் இரண்டு பக்கமும் இருந்தால் கறுப்பே உற்பத்தியாகாது. குதிரை முழுக்கச் செம்பழுப்பு. இது ஜாயின்ட்லி. 1996இல் கண்டுபிடித்தார்கள். கறுப்பு உற்பத்தியானாலும் அது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது இன்னொரு மரபணு, 2001இல் தெரிந்தது. அது வேலை செய்தால் கறுப்பு பிடரி, வால், கால் என்று ஓரத்துக்குத் தள்ளப்படும். உடம்பு பழுப்பு. முழுக் கறுப்புக் குதிரை வேண்டுமென்றால் முதல் கணக்கு செயல்பட வேண்டும், இரண்டாம் கணக்கில் இருவருமே கையை விரிக்க வேண்டும். இரண்டு நிபந்தனையும் சேர்வது அபூர்வம். அபூர்வத்துக்குத்தான் விலை. விலை உள்ள இடத்தில் சாயம் வரும்.

வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் நரைத்த குதிரை. பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற நரைத்து, ஏழெட்டு வயதில் வெள்ளையாகிவிடும். ஒருவர் கையெழுத்து போதும். ராணா பிரதாப்பின் சேத்தக்கை ராஜஸ்தான் மக்கள் 'நீலக் குதிரை' என்றுதான் சொல்வார்கள். நரை பாதியில் இருக்கும் குதிரை நீலச்சாம்பலாகத் தெரியும். கால்நடைக் கடன் காப்பீட்டுப் படிவத்தில் 'நிறம், அடையாளம்' என்று ஒரு கட்டம் உண்டு. நரைக்குதிரையைக் குட்டியில் காப்பீடு செய்து கறுப்பு என்று எழுதினால், ஏழு வருடம் கழித்து வருகிற அதிகாரி திகைத்துப்போவார் :-)

2008இல் இந்த நரையின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு இரட்டித்திருக்கிறது. உலகில் உள்ள நரைக்குதிரை எல்லாம் ஒரே மூதாதையின் வாரிசு. கூடவே ஒரு வட்டியும் உண்டு. 15 வயது தாண்டிய நரைக்குதிரைகளில் சுமார் முக்கால்வாசிக்குத் தோலில் மெலனோமா கட்டிகள் வருகின்றன. ராஜாக்களும் சாமிகளும் ஏறிய வெள்ளைக் குதிரையின் மறுபக்கம் இது.

நீலக்கண் எப்படி வருகிறது

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம்.

முதலில் ஒன்று. நீலக்கண்ணில் நீலச்சாயம் கிடையாது. கருவிழியின் முன்பக்கத்தில் சாயம் இல்லாததால் வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரிகிறது. வானம் நீலமாகத் தெரிகிற மாதிரி. இந்தச் சாயக்குறைவு குதிரைக்கு முக்கியமாக இரண்டு வழியில் வருகிறது.

முதல் வழி, சாயத்தை வெளுப்பது. 'கிரீம்' என்ற மாற்றம், 2003இல் மரபணு தெரிந்தது. இந்த ஜாயின்ட் அக்கவுண்ட் விசித்திரமானது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் பாதி வெளுக்கும். செம்பழுப்புக் குதிரை தங்க நிறமாகும், பிடரி வெள்ளையாகும். இருவரும் போட்டால் முழுக்க வெளுத்து, தந்த நிற உடம்பு, ரோஸ் தோல், இரண்டு கண்ணும் நீலம். இந்த இரட்டை வெளுப்புக் குதிரைகளை அமெரிக்காவின் குவார்ட்டர் குதிரைச் சங்கம் 2000களின் தொடக்கம் வரை பதிவேட்டில் சேர்க்கவே இல்லை. வியாதிக் குதிரை என்று பயம். உண்மையில் அவற்றின் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ரோஸ் தோலுக்கு வெயில் ஆகாது, இமையோரத்தில் புற்றுநோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டாம் வழிதான் எங்கள் தெருக் குதிரையின் வழி. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கரு உருவாகும்போது சாயம் செய்யும் செல்கள் முதுகெலும்பு ஓரத்தில் பிறக்கின்றன. அங்கிருந்து நடந்து உடம்பெல்லாம் பரவ வேண்டும். முதுகுக்குச் சீக்கிரம் போய்விடும். வெகுதூரம் எது? கால் நுனி, வயிற்றின் அடி, நெற்றி, மூக்கு. நடை கொஞ்சம் குறைந்தால் அங்கேதான் வெள்ளை விழும். நான்கு கால், ஒரு முகம். பஞ்சகல்யாணி என்பது இதுதான்! நம் முன்னோர் மங்களம் என்றதும், வெள்ளைக்காரன் ஆகாது என்றதும், நடந்து போன செல்கள் கடைசி மைலில் நின்றுவிட்ட இடம்.

நடை இன்னும் குறைந்தால் முகம் முழுக்க வெள்ளையாகும். கண்ணுக்கும் சாயம் போய்ச் சேராது. ஒரு கண்ணுக்குச் சேர்ந்து இன்னொன்றுக்குச் சேராமலும் போகலாம். அதுதான் ஒற்றை நீலக்கண். காரணமான மரபணுக்கள் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் பஞ்சகல்யாணியும் பூனைக்கண்ணும் ஒரே சாலையில் அடுத்தடுத்த ஸ்டாப். ஒன்றுக்கு மாலை போடுகிறோம், இன்னொன்றுக்கு விலையைக் குறைக்கிறோம்.

சுண்ணாம்புத் தொட்டியில் கால் நனைத்து எழுந்தது போல அடியிலிருந்து வெள்ளை ஏறுகிற வகை ஒன்று உண்டு. நீலக்கண் இதில் மிகச் சாதாரணம். இதற்கு எம்ஐடிஎஃப், பாக்ஸ்3 என்ற மரபணுக்களில் மாற்றம் காரணம் என்று 2012இல் தெரிந்தது. பாக்ஸ்3இல் கண்ட மாற்றத்தை வம்சாவளிப் பதிவை வைத்துத் தேடிப் போனால் 1987இல் பிறந்த ஒரு பெட்டைக்குதிரையில் போய் நிற்கிறது. என் பத்தாம் வகுப்புக் காலத்துக் கதை! மனிதரிலும் பாக்ஸ்3 மாற்றத்தால் நீலக்கண், முன்நெற்றி வெள்ளை முடி, காது கேளாமை வருவதுண்டு.

ஆம், காது. உள்காதிலும் இந்தச் சாயச் செல்கள் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காது கேட்காது. முகம் நிறைய வெள்ளையும் நீலக்கண்ணும் உள்ள சில குதிரைகள் செவிடாக இருக்கும். அமெரிக்கப் பெயிண்ட் குதிரைகளில் 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பேண்டும் பட்டாசும் அதிர்ந்தபோது எங்கள் தெருக் குதிரை அசையாமல் நின்றது ஞாபகம் வந்தது. நல்ல பழக்கமா, காதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மகள் கேட்டது கண்ணைப் பற்றி. கேட்டிருக்க வேண்டியது காதைப் பற்றி.

இரவில் தெரியாத கண்

அப்படியானால் பார்வை இல்லாத குதிரையே கிடையாதா? உண்டு. ஆனால் அதன் கண் கறுப்பாகவே இருக்கும்.

குகைச் சுவரின் புள்ளிக்குதிரையை ஞாபகம் இருக்கிறதா? அந்த மரபணுவை ஒருவர் மட்டும் கொடுத்தால் உடம்பெல்லாம் புள்ளி, பார்வை நலம். பெஷ் மெர்ல் குதிரைகள் பெரும்பாலும் அந்த ரகம்தான். அப்பாவும் அம்மாவும் கொடுத்தால் புள்ளிகள் குறைந்து வெள்ளை கூடும், இரவில் கண் தெரியாது. பிறவியிலேயே மாலைக்கண். டிஆர்பிஎம்1 என்ற மரபணு தோலிலும் வேலை செய்கிறது, விழித்திரையிலும் வேலை செய்கிறது. பழைய வைரஸ் ஒன்றின் டிஎன்ஏ துண்டு அதற்குள் புகுந்து இரண்டு வேலையையும் கெடுக்கிறது என்று 2013இல் உறுதியானது.

டென்மார்க்கில் 1812இல் ஒரு புள்ளிப் பெட்டைக்குதிரையில் தொடங்கிய க்னாப்ஸ்ட்ரப் இனமும், அமெரிக்காவில் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் வளர்த்த அப்பலூசாவும் இந்தப் புள்ளிக்குப் பெயர் போனவை. 1877 போரில் நெஸ் பெர்ஸ் மக்கள் தோற்றபோது குதிரைகளும் பறிபோயின. 1938இல்தான் அப்பலூசாவுக்குச் சங்கம் வைத்து மீட்டெடுத்தார்கள். புள்ளி அதிகம் வேண்டும் என்று புள்ளியோடு புள்ளியைச் சேர்க்கச் சேர்க்க, மாலைக்கண் குட்டிகளும் பிறந்துகொண்டே இருந்தன. குதிரை இருட்டில் மிரண்டால் "கெட்ட குதிரை" என்று பெயர் வைத்திருப்பார்கள். சாட்டையடியும் விழுந்திருக்கும். அதற்குக் கண் தெரியவில்லை என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? கண் பார்க்க எவ்வளவு அழகான கறுப்பு!

வெள்ளையாகப் பிறக்கும் குட்டி

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

வெள்ளைத் திட்டுகளில் 'ஃப்ரேம்' என்று ஒரு வகை. பக்கவாட்டில் வெள்ளை, சுற்றிலும் சட்டம் போட்ட மாதிரி நிறம். பார்க்க அவ்வளவு லட்சணம். நீலக்கண்ணும் அடிக்கடி வரும். ஒருவர் கையெழுத்து மட்டும் என்றால் ஆரோக்கியமான, விலை உயர்ந்த குதிரை. அப்படிப்பட்ட இரண்டை ஜோடி சேர்த்தால் நான்கில் ஒரு வாய்ப்பு, குட்டி ஏறக்குறைய முழு வெள்ளையாக, நீலக்கண்ணோடு பிறக்கும். எழுந்து நிற்கும். தாயிடம் பால் குடிக்கும். ஆனால் சாணம் போகாது. சில மணி நேரத்தில் வயிற்றுவலியில் உருளத் தொடங்கும். ஓரிரு நாளில் செத்துவிடும், அல்லது வலி தாங்காமல் இருப்பதைப் பார்த்து டாக்டர் ஊசி போடுவார். மருத்துவம் கிடையாது.

காரணம் அதே நடைதான். சாயச் செல்கள் புறப்படுகிற அதே இடத்திலிருந்துதான் குடலை இயக்கும் நரம்புச் செல்களும் புறப்படுகின்றன. இரண்டு பிரதியும் கெட்டால் இரண்டு கூட்டமும் போய்ச் சேராது. தோலுக்கு நிறம் இல்லை, குடலுக்கு அசைவு இல்லை. 1998இல் ஈடிஎன்ஆர்பி என்ற மரபணுவில் ஒரே ஒரு மாற்றம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மனிதக் குழந்தைகளுக்கு வரும் ஹிர்ஷ்ப்ரங் என்ற குடல் நோயிலும் சிலருக்கு இதே மரபணு சம்பந்தப்பட்டிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஃப்ரேம் மரபணு உள்ள சில குதிரைகளுக்குத் திட்டே தெரியாது. வெளியே சாதாரணமாக இருக்கும். கண்ணால் பார்த்து ஜோடி சேர்த்தவர்கள் தெரியாமலே இந்தக் குட்டிகளைப் பிறக்கவைத்தார்கள். 1998க்கு முன் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இன்று நாலு மயிரை வேரோடு பிடுங்கி லேபுக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். பிரதி உள்ள இரண்டைச் சேர்க்காமல் இருந்தால் போதும், ஒரு குட்டிகூட அப்படிச் சாகாது. ஆயிரக்கணக்கான வருட லட்சண சாஸ்திரம் செய்ய முடியாததை நாலு மயிர் செய்கிறது.

கணக்கு முடிப்பு

ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். நாம் பயப்படுகிற நீலக்கண்ணுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. நாம் ரசிக்கிற புள்ளிக்குப் பின்னால் மாலைக்கண் இருக்கலாம். சாமி ஏறுகிற வெள்ளைக்குப் பின்னால் கட்டி இருக்கலாம். லட்சணமான ஃப்ரேமுக்குப் பின்னால் ஒரு குட்டியின் சாவு இருக்கலாம். நிறம் பொய் சொல்வதில்லை. நாம்தான் அதை வேறு பாஷையில் படித்துவிட்டோம்.

இங்கே கல்யாணத்துக்கு 'நுக்ரா' என்ற ரோஸ் தோல் வெள்ளைக் குதிரைக்குக் கிராக்கி அதிகம். நுக்ரா என்றால் வெள்ளி. வெள்ளை வெள்ளையோடு சேர்ந்தால் இன்னும் வெள்ளை என்று வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் வெளியே ஒரே வெள்ளையாகத் தெரிவது உள்ளே வேறு வேறு கணக்காக இருக்கலாம். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் ஜோடி சேர்ப்பது, பாஸ்புக் பார்க்காமல் லோன் கொடுப்பது போல.

மகளுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். குட்டி விஷயத்தைச் சொல்லவில்லை. "அந்தக் கண்ணு நல்லாத் தெரியும்மா, காதுதான் கொஞ்சம் கேக்காம இருக்கலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்போ பேண்டு சத்தம் அதைத் தொந்தரவே பண்ணாது இல்லப்பா? நல்லதுதான்" என்றாள்.

அடுத்த முறை அந்தக் குதிரைக்காரரைப் பார்த்தால் ஒன்று சொல்ல வேண்டும். குதிரைக்குக் கேட்கிறதா என்று பின்னால் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள், உதைபடாத தூரத்தில் நின்று. கேட்கவில்லை என்றால் அதட்டாதீர்கள், தொட்டுச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைத்ததற்கு அதுவாவது செய்யலாம்.